காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரே நாளில் பெங்களூர்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

அம்மா, மனைவி, ஒன்பதாவதும் நாலாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூர் போய்வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். விதான சௌதா, லால்பாக், கப்பன் பார்க், திப்பு அரண்மனை, பெங்களூர் அரண்மனை, சிக்பேட்டையில் புடவை, எம்.ஜி. ரோட்டில் கொஞ்சம் கடை என்று ஒரு பட்டியலும் போட்டிருக்கிறீர்கள். காரில் போகலாமா, எந்த வரிசையில் பார்க்கலாம் என்பது உங்கள் கேள்வி.

கார் வேண்டாம். மெட்ரோவில் போங்கள். பட்டியலில் பெங்களூர் அரண்மனையை அடித்துவிடுங்கள். மீதி எல்லாவற்றையும் ஒரே நாளில் அலைச்சல் இல்லாமல் பார்த்துவிடலாம். ஆனால் காலையை விதான சௌதாவுக்குக் கொடுக்காதீர்கள். காலை, பழைய ஊருக்கு. அதாவது லால்பாக், கோட்டை, கே.ஆர். மார்க்கெட், பேட்டை என்று சொல்லும் பழைய கடைத்தெருக்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் பலர் முதலில் விதான சௌதா முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, மத்தியானம் ஒரு மாலில் சாப்பிட்டு, சாயங்காலம் ஓசூர் ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். பழைய ஊரைப் பார்க்காமல் திரும்பினால் பெங்களூரைப் பார்த்ததாகவே நான் எண்ணமாட்டேன். அதிலும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்த ஊரோடு இருக்கிற உறவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் போகிற வழி. 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் திறந்தபிறகு நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. பொம்மசந்திராவில் தொடங்கி எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஆர்.வி. ரோடு வரைக்கும் 19 கிலோமீட்டர். முன்பெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து நாம் வெந்துபோகிற அந்தத் துண்டுச் சாலையை இப்போது மேலேயே தாண்டிவிடலாம். கிருஷ்ணகிரியில் பெங்களூர் பேருந்து ஏறி, டிக்கெட் எடுக்கும்போதே பொம்மசந்திரா மெட்ரோவில் இறங்குவோம் என்று நடத்துனரிடம் சொல்லிவிடுங்கள். ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி, சந்தாபுரா, அடுத்தது அதுதான். அங்கிருந்து ஆர்.வி. ரோடு. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர், சௌத் எண்ட் சர்க்கிள், லால்பாக், நேஷனல் காலேஜ், கே.ஆர். மார்க்கெட், சிக்பேட்டை, மெஜஸ்டிக் என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. நீங்கள் பார்க்க வேண்டிய பழைய ஊர் மொத்தமும் இந்த ஒரே கோட்டில் இருக்கிறது. தடம் மாறுவதற்குத் தனி டிக்கெட் கிடையாது. காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் எட்டு, எட்டரைக்கு லால்பாக்கில் இருக்கலாம். பிள்ளைகளுக்கு வழியில் சாப்பிட நாலு இட்லி கட்டிக்கொள்ளுங்கள், காலை டிபனுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

கார்தான் வேண்டும் என்றால் ஓசூரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பேட்டைத் தெருக்களில் காரை நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் இரண்டு கோயில் பார்த்துவிடலாம்.

லால்பாக்கில் மெட்ரோவிலிருந்து மேற்கு வாசல் பக்கம். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம், திப்பு வளர்த்தார், பிறகு ஆங்கிலேயர் காலத்துத் தோட்டக்கலை அதிகாரிகள் விரிவாக்கினார்கள். இன்று 240 ஏக்கர். அம்மாவால் அத்தனையும் நடக்க முடியாது, நடக்கவும் தேவையில்லை. கண்ணாடி மாளிகையைப் பாருங்கள். 1889-ல் அடிக்கல் நாட்டியது, லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்துக் கட்டியது. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிகள் இதற்குள்தான். அந்த நாட்களில் மட்டும் போகாதீர்கள். பூவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும், வயதானவர்களோடு அந்தக் கூட்டத்தில் நுழைவது சரியில்லை.

அதைவிட முக்கியம் பாறை. பிரதான வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வழுக்குப் பாறையும் அதன் உச்சியில் சின்ன மண்டபம் போல ஒரு கோபுரமும் தெரியும். ஊரைக் கட்டிய கெம்பேகவுடாவின் பெயரில் நிற்கும் நான்கு கோபுரங்களில் ஒன்று அது. பெங்களூரை 1537-ல் மண்கோட்டையாக அவர் எழுப்பினார். மற்ற மூன்று கோபுரங்கள் அல்சூர் ஏரிப் பக்கம், கெம்பாம்புதி ஏரிக்கரை, மேக்ரி சர்க்கிள் ஆகிய இடங்களில் இருக்கின்றன. நான்கும் இன்று நகரத்துக்கு நடுவில் மூழ்கிக்கிடக்கின்றன. பாறையில் ஏறி நின்று நாலாபக்கமும் பார்த்தால் ஊர் எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும்.

ஒன்பதாவது படிக்கிற பிள்ளையை அந்தப் பாறையில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளுப்பும் கருப்பும் சாம்பலுமாகப் பட்டைபட்டையாக வரிகள் ஓடும். சில இடத்தில் நேராக, சில இடத்தில் மாவைப் பிசைந்தது போல மடிந்து சுருண்டு இருக்கும். பூமிக்கு அடியில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் கல் இளகி நெளிந்ததன் தடம் அது. வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். தீபகற்ப நைஸ் என்று புவியியலில் சொல்லும் பாறை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது, பலகையும் அங்கேயே இருக்கிறது. பாறைக்கு நடுவிலேயே வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். கோட்டை மலையைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு பாறையை நின்று படிக்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. இங்கே சொல்லிக்கொடுங்கள். திரும்பி வந்ததும் நம் மலையைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். மழை பெய்திருந்தால் மட்டும் பாறையில் அம்மாவை ஏற்றாதீர்கள், வழுக்கும்.

பிரதான வாசல் வழியாக வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் எம்.டி.ஆர். 1924-ல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ். ரவா இட்லி இங்கே பிறந்தது என்பார்கள்: இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காமல், ரவையில் செய்துபார்த்தார்களாம். உட்கார இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால்தான் இட்லி கட்டச் சொன்னேன். ரவா இட்லியும் ஒரு மசால் தோசையும் போதும். தோசை நம்மூர் தோசை போல இருக்காது. தடிமனாக, நெய் ஊறி, வெளியே மொறுமொறுவென்று சிவந்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை.

இப்போது ஆட்டோ பிடித்து திப்பு அரண்மனை. இங்கேயும் கோட்டையிலும் கொஞ்சம் நிதானமாக இருங்கள். நான் மேலே சொன்ன உறவு இங்கேதான் தொடங்குகிறது.

அரண்மனை என்றதும் பிள்ளைகள் மைசூர் அரண்மனையை நினைத்துக்கொண்டு வருவார்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். இது சின்னது, இரண்டு மாடி, கோடைக்கால மாளிகை. ஹைதர் 1781-ல் தொடங்கினார், திப்பு 1791-ல் முடித்தார். தூண், உத்தரம், வளைவு எல்லாம் தேக்கு. ஒவ்வொரு தூணும் ஒரு கல் பீடத்தின் மேல் நிற்கும். மரத்தில் பாரசீகத்தில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள், இந்த மாளிகை இன்பத்தின் உறைவிடம், சொர்க்கமே பொறாமைப்படும் இடம் என்று பொருள். சுவரிலும் கூரையிலும் பூவேலைப்பாட்டு ஓவியம் மங்கிப்போய் அங்கங்கே மிச்சம் இருக்கிறது. மாடியில் கிழக்கும் மேற்கும் பார்த்த உப்பரிகைகளில் இருந்துதான் திப்பு அரசு காரியம் நடத்தினார். அவருக்குப் பிறகு, 1831-லிருந்து 1868 வரை ஆங்கிலேய நிர்வாகத்தின் தலைமைச் செயலகமாக இருந்ததும் இதே கட்டடம்தான். இதை நினைவில் வையுங்கள், மத்தியானம் கப்பன் பார்க்கில் தேவைப்படும். தொல்லியல் துறை வைக்கும் சிறிய கட்டணம்தான், பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை.

பக்கத்திலேயே கோட்டை வெங்கடரமணர் கோயில். மைசூர் சிக்கதேவராஜ உடையார் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. முன்னால் நிற்கும் கருடகம்பம் பீரங்கிக் குண்டை வாங்கிக்கொண்டு திப்புவைக் காப்பாற்றியது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அம்மா சாமி கும்பிட்டுவிட்டுக் கொஞ்சம் உட்காரட்டும். நிழல் இருக்கிறது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கோட்டை, கே.ஆர். மார்க்கெட் எதிரில். கெம்பேகவுடாவின் மண்கோட்டையை 1761-ல் ஹைதர் கல்லில் எடுத்துக் கட்டினார். இன்று மிச்சம் இருப்பது டெல்லி வாசல், அதை ஒட்டிய கொஞ்சம் சுவர், உள்ளே ஒரு கணபதி கோயில், அவ்வளவுதான். பெரிய கோட்டையை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். திப்புவோடு நடந்த போரில், 1791 மார்ச்சில் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் முதலில் பேட்டையைப் பிடித்தார், 21-ஆம் தேதி இரவு கோட்டைச் சுவரை உடைத்து உள்ளே புகுந்தார். கோட்டைத் தலைவர் பகதூர் கான் சண்டையில் விழுந்தார். சுவர் உடைந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டுப் பலகை இன்னும் இருக்கிறது.

இதில் நமக்கு என்ன என்றால், அடுத்த அடி நம் ஊர்மேல்தான் விழுந்தது. பெங்களூர் போன பிறகு, அதே ஆண்டு ஜூலையில் ராயக்கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையில் ஒரு படை கிருஷ்ணகிரிக்கு வந்தது. கீழ்க்கோட்டையும் பேட்டையும் விழுந்தன. ஆனால் மேல்கோட்டையை அவர்களால் ஏறிப் பிடிக்க முடியவில்லை, திரும்பிப் போனார்கள். பெங்களூரைப் பிடித்த படைக்கு நம் மலை பணியவில்லை. 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாரமகால் என்று அழைத்த நம் பக்கம் முழுவதும் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்து ஆட்சியர் ஆனார், அவருக்குக் கீழே பிற்காலத்தில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ வேலை பழகினார். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் மைசூரிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணமான போர் அந்த உடைந்த சுவருக்கு முன்னால்தான் திரும்பியது. இதை அங்கே நின்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் மூன்றாம் மைசூர்ப் போர் என்று ஒரு பத்தியில் படித்தது, தன் ஊர்க் கதையாக மாறும்.

சாலையைத் தாண்டினால் மார்க்கெட். 1928-ல் கட்டிய பழைய கட்டடத்துக்குள் பூக்கடைகள். கீழே சேறும் தழையும் மிதிபடும், அதனால் பிடிப்புள்ள செருப்பு போடுங்கள், போனையும் பர்ஸையும் முன்பக்கம் வையுங்கள். முதலில் மாடிக்குப் போய் வராந்தாவிலிருந்து கீழே பாருங்கள். சாமந்தியும் செண்டுமல்லியும் குவியல் குவியலாக, நடுவில் தராசும் கூச்சலும். ஓசூர், ராயக்கோட்டை பக்கத்துத் தோட்டங்களுக்கு இந்தச் சந்தை விலைதான் விலை. பூ போடுகிற நம் விவசாயிகளுக்குக் கே.ஆர். மார்க்கெட் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. உங்கள் அம்மாவைப் பூ வாங்கச் சொல்லுங்கள், தமிழிலேயே பேரம் நடக்கும். ஆயுத பூஜை, வரலட்சுமி நோன்பு சமயம் மட்டும் உள்ளே நுழையாதீர்கள்.

இங்கிருந்து பேட்டைக்குள் நடக்கும்போது, நான் எல்லோரையும் பார்க்கச் சொல்லும் ஓர் இடம் உண்டு. பெரும்பாலான சுற்றுலாப் பட்டியல்களில் அதற்கு ஒரு வரிதான் இருக்கும். திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயில். பஞ்சபாண்டவருக்கும் திரௌபதிக்கும் கோயில். பெங்களூர் கரகம் என்று ஊரே விழித்திருக்கும் திருவிழா இந்தக் கோயிலுடையது. சித்திரைப் பௌர்ணமி இரவில், பெண்ணுடை தரித்த பூசாரி மல்லிகை அலங்காரத்தோடு உயர்ந்த கரகத்தைத் தலையில் ஏந்தி வருவார். வாள் ஏந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். வழியில் காட்டன்பேட்டை மஸ்தான் சாகிபு தர்காவுக்கும் போவது வழக்கம். இதை நடத்துபவர்கள் திகளர். தோட்டக்கலையில் பேர் போனவர்கள், தமிழ் வேர் உள்ளவர்கள், நம் பக்கத்து வன்னியகுலத்தோடு தங்களைச் சேர்த்துச் சொல்பவர்கள்.

நம் கிராமங்களில் தர்மராஜா கோயில் திருவிழா என்றால் என்ன நடக்கும்? பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம், மண்ணில் பிடித்த துரியோதனன் மேல் பீமன் வேஷக்காரர் ஏறுவார், சாயங்காலம் தீமிதி. அதே திரௌபதிதான் இங்கேயும். மென்பொருள் கம்பெனிகளுக்குப் பேர் போன தலைநகரம் ஆண்டுக்கு ஒரு இரவு இந்தச் சின்னக் கோயிலைச் சுற்றித்தான் நிற்கிறது. உங்கள் அம்மா பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவராக இருந்தால், அன்றைய நாளில் அவருக்கு மிகவும் நெருக்கமான இடம் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, சிக்பேட்டை. புடவைக்கு நீங்கள் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். காஞ்சிப்பட்டு, ஆரணிப்பட்டு எடுக்க இவ்வளவு தூரம் வர வேண்டாம். அவை நமக்கு இங்கேயே நன்றாகக் கிடைக்கும். சிக்பேட்டையில் எடுக்க வேண்டியது விலை குறைந்த பட்டு, கிரேப், தினசரிக்கும் விசேஷத்துக்கும் இடைப்பட்ட ரகம், கல்யாணத்துக்கு மொத்தமாக வைத்துக்கொடுக்கும் புடவைகள். மாடிக் கடைகளில் விலை கொஞ்சம் இறங்கும். வாசலில் நின்று கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள், நாலு கடை பார்த்துவிட்டு எடுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் கேட்டாலும் பதில் வரும்.

அசல் மைசூர் சில்க் வேண்டுமென்றால் அது அரசு நிறுவனமான கே.எஸ்.ஐ.சி. கடையில் மட்டும்தான். 1912-ல் மைசூரில் தொடங்கிய ஆலையின் துணி. வழுவழுவென்று கனமாக விழும், உடல் முழுக்க ஒரே நிறம், கரையில் மட்டும் ஜரிகை. விலை அதிகம், ஆனால் பேத்திக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கும். சிக்பேட்டையில் அதே பெயர் சொல்லிப் பாதி விலைக்குக் காட்டுவது வேறு துணி. அது கெட்டது என்று நான் சொல்லவில்லை, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். எம்.ஜி. ரோடு பக்கம் போகும்போது அசலை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பெரிய பிள்ளைக்குப் புத்தகம் வேண்டுமானால் அவென்யூ ரோட்டில் பழைய பாடப்புத்தகம், நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் கிடைக்கும். பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு அய்யங்கார் பேக்கரியில் நிறுத்தி, காரா பன், தில்பசந்து, காரம் போட்டு வறுத்த காங்கிரஸ் கடலை வாங்கிக்கொள்ளுங்கள். அன்று மத்தியானச் சாப்பாடு லேசாக இருந்தால் போதும்.

சிக்பேட்டை நிலையத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறுங்கள். ஒரு நிலையம் தள்ளி சென்ட்ரல் காலேஜ் வரும். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி பி.ஏ. படித்தது அந்தக் கல்லூரியில். இறங்க வேண்டாம், போகிற போக்கில் காட்டினால் போதும். அடுத்த நிலையம் விதான சௌதா.

விதான சௌதா 1951-ல் நேரு அடிக்கல் நாட்டி, முதலமைச்சர் கெங்கல் அனுமந்தையா முன்னின்று 1956-ல் முடித்த கட்டடம். முழுக்கக் கருங்கல். கருங்கல் வேலையை அறிந்த மாவட்டம் நம்முடையது, அந்தத் தூண்களின் உயரத்தையும் பொளிந்த நேர்த்தியையும் பார்த்தால் எவ்வளவு உழைப்பு என்று உங்களுக்கே தெரியும். நெற்றியில், அரசுப் பணி ஆண்டவன் பணி என்ற வாசகம். முன்பதிவு செய்து வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்கும் ஏற்பாடு 2025-ல் தொடங்கியது. உங்களுக்கு ஒரு நாள்தான் என்பதால் வெளியே நின்று பார்த்துக்கொண்டால் போதும்.

எதிரே சிவப்பாகத் தெரிவது அட்டாரா கச்சேரி, இப்போது உயர் நீதிமன்றம். திப்பு அரண்மனையில் இருந்த செயலகம் 1868-ல் இடம் மாறி வந்தது இங்கேதான். காலையில் பார்த்த தேக்குத் தூண் மாளிகையிலிருந்து இந்தச் செங்கல் கட்டடத்துக்கு, அதிலிருந்து எதிர்ப்புறக் கருங்கல் கட்டடத்துக்கு அதிகாரம் நகர்ந்து வந்ததைப் பிள்ளைகள் ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். பழைய ஊரிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தலைகீழாகப் போனால் இந்தக் கதை கிடைக்காது.

பின்னாலேயே கப்பன் பார்க். 1870-ல் தலைமைப் பொறியாளர் ரிச்சர்டு சாங்கி அமைத்தது. அதிகாரப்பூர்வப் பெயர் சாமராஜேந்திரப் பூங்கா. இங்கே எதையும் பார்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். மூங்கில் புதர் பக்கம் துண்டை விரித்து அம்மாவைப் படுக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பால பவனில் குட்டி ரயில். பெரிய பிள்ளைக்குக் கஸ்தூரிபா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1962-லிருந்து இருக்கிறது. பட்டனை அழுத்தி, கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி எந்திரங்கள், ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு முழு அளவு மாதிரியும் உண்டு. அதை ஒட்டியது அரசு அருங்காட்சியகம். ஓசூர் ரோட்டுப் பக்கத்திலுள்ள பேகூரில் கிடைத்த, கங்கர் காலப் போர்க்காட்சி செதுக்கிய நடுகல் அதன் சொத்து. ஒரே கல்லில் யானை, குதிரை, வில்லாளிகள், விழுந்து கிடப்பவர்கள் எல்லோரும் நெருக்கியடித்து நிற்பார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருந்தால் இதைப் பார்க்காமல் வராதீர்கள்.

கடைக்கு எம்.ஜி. ரோட்டில் ஒரே ஓர் இடம் சொல்வேன்: பிரிகேட் ரோடு முனையிலுள்ள காவேரி, கர்நாடக அரசின் கைவினைப் பொருள் அங்காடி. சென்னப்பட்டணத்து மரப் பொம்மை வாங்குங்கள். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி போலப் பளபளப்பு வரும். தூரிகையால் அடித்த பெயின்ட் இல்லை என்பதால் நகத்தால் சுரண்டினாலும் உரியாது, சின்னக் குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை. நடைபாதையில் விற்கும் பல பொம்மைகள் இப்படிச் செய்தவை அல்ல. மைசூர் சாண்டல் சோப்பும் அங்கே கிடைக்கும், ஆனால் அதே சோப்பு காவேரிப்பட்டணத்திலும் கிடைக்கும். நேரமிருந்தால் பின்னால் சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம் புத்தகக் கடை, பழைய புத்தகமும் புதியதும் மாடிமாடியாக இருக்கும். பிள்ளைகளை விட்டுவிட்டால் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் அரண்மனையை ஏன் அடிக்கச் சொன்னேன் என்றால், நுழைவுக் கட்டணம் மற்ற இடங்களைவிட மிக அதிகம், அது வடக்கே தனியாகக் கிடக்கிறது, போய்ப் பார்த்து வர அரை நாள் போய்விடும். இன்னொரு முறை வரும்போது அதற்குப் பதிலாக அல்சூரும் சிவாஜிநகரும் வையுங்கள். 1809-ல் ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டணத்திலிருந்து அல்சூர்ப் பக்கம் வந்து தண்டு இறங்கியபோது, கூடவே சென்னை மாகாணத்துத் தமிழர்களும் வந்து குடியேறினார்கள். அல்சூர் சோமேஸ்வரர் கோயில், ஏரிக்கரையில் 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலை, சிவாஜிநகர் புனித மரியன்னை ஆலயம், ரசல் மார்க்கெட் என்று அது தனியாக ஒரு நாள் பயணம்.

நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால் கன்னடக் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டிப் பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா நடக்கும். ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கும் கோயில் அங்கே இருக்கிறது. தெரு முழுக்க நிலக்கடலைக் குவியல்தான், நம் பக்கத்து வியாபாரிகளும் மூட்டையோடு வந்து உட்காருவார்கள். நிலக்கடலை விளையும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அது ஒரு தனி மகிழ்ச்சி. அந்த நாளில் போனால் லால்பாக்குக்கு அடுத்து நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கி அங்கே போய்விடுங்கள், பேட்டையை மத்தியானத்துக்குத் தள்ளுங்கள்.

சனிக்கிழமை நல்ல தேர்வுதான். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்குள் வண்டி விடமாட்டார்கள், மாலையில் விதான சௌதாவுக்கு விளக்கு போடுவார்கள், அது அழகு. ஆனால் பேட்டையில் மொத்த வியாபாரக் கடைகள் பல அடைத்திருக்கும், புடவை எடுப்பது நடக்காது. திங்கள் வேண்டவே வேண்டாம், எம்.டி.ஆரும் அரசு அருங்காட்சியகமும் மூடியிருக்கும்.

திரும்பும்போது அம்மாவோடு இருட்டில் பொம்மசந்திரா சாலையோரம் பேருந்துக்கு நிற்க வேண்டாம். எம்.ஜி. ரோட்டிலிருந்து ஆட்டோவில் சாந்திநகர் பேருந்து நிலையம் போய், ஆறு மணிக்குள் கிருஷ்ணகிரி, சேலம் வண்டி ஏதாவது ஒன்றில் உட்கார்ந்துவிடுங்கள். சேலம் வண்டி என்றால் காவேரிப்பட்டணத்தில் நிற்குமா என்று ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பல வண்டிகள் புறவழியிலேயே போய்விடும்.